குனிந்து நடந்தவர்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்து, என்னைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அவர். ஒல்லியான உடம்பு, லேசான கூன். மழை விட்டதும் கரிசல் காட்டுக்குள் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒருநாள் நானும் உடன் போனேன். செருப்பில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழித்தபடி, "எதைத் தொலைச்சீங்க சார்?" என்று கேட்டேன்.

"தொலைச்சது நானில்ல அண்ணாச்சி, ஒரு காலத்துல இங்கன இருந்தவிய. மழை கழுவிக் குடுக்குது, நாம குனிஞ்சு எடுக்கோம்" என்று சிரித்தார். அவர் கையில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை ஓடு இருந்தது. அதே தடத்தில் அவருக்கு முன்னால் நடந்தவன் நான்.

அப்படிப் பொறுக்கிய ஓடுகளை வைத்துத்தான் அவருடைய ஆய்வு, பட்டம், பதவி எல்லாம். வருஷக்கணக்கில் நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போன மழையில் நானும் குனிந்தேன். ஓர் ஓடு கிடைத்தது. அது பழையதா, நேற்று உடைந்த சட்டியா என்று சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். ஓடு என் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கிறது. பழையதென்றால் அவர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்படுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.