காதில் ஓதிய பெயர்

மக்பூலே தன் கல்லறையை முதன்முதலில் பார்த்தது கைப்பேசியில்தான். அனுப்பியவன் சித்தப்பா மகன் தஹ்சின். குடும்பப் பதிவுகளைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டதிலிருந்து துருக்கியே பாட்டன் பூட்டனைத் தேடிப் பைத்தியம் பிடித்து அலைந்தது. தஹ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது. சிவாஸ் பக்கத்துப் பூர்வீகக் கிராமத்துக்குப் போய், மயானத்தில் பாசியைச் சுரண்டிப் படமெடுத்திருந்தான். 'ருஸ்தம் மகள் மக்பூலே' என்றிருந்தது. பிறந்த வருடம் அவளுடையதேதான். அதற்கு இரண்டு வருடம் தள்ளி, இறந்த வருடம்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல நீ உசுரோட இருக்க, கல்லுல செத்துட்ட. வம்சாவளியில நான் எதை எழுதறது?" என்று போனில் சிரித்தான்.

மக்பூலேவுக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதத்திலிருந்த வயது அவள் உடம்போடு என்றைக்குமே ஒட்டியதில்லை. பள்ளியில் சேர்த்தபோது வகுப்பிலேயே பொடிசு அவள்தான். பதினெட்டு என்று எழுதிக் கல்யாணம் செய்துவைத்தபோது நிஜத்தில் பதினைந்து. கல்யாண உடை தரையில் புரண்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் ஓய்வு பெற்றபோது, கிழவிக்கு ஒரு சுருக்கம்கூட இல்லையே என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டலடித்தார்கள். அப்பா வயதைக் கூட்டி எழுதிவிட்டார் என்றே நினைத்திருந்தாள். ஊரில் பலர் செய்கிற காரியம்தானே.

அம்மா ஸெலிஹா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. எப்போதும் "பொண்ணே"தான். ஒரே ஒருநாள், சாயங்காலம், வாசலில் நின்று "மக்பூலே, இருட்டுது, வாம்மா" என்று கூப்பிட்டாள். கோழிக்கூண்டுப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தவள் சந்தோஷமாக ஓடிவந்தாள். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"உன்ன இல்ல" என்றாள்.

போன இலையுதிர் காலத்தில் அந்த அம்மாவை அடக்கம் செய்தார்கள். மண்ணை மூடி எல்லோரும் நகர்ந்த பிறகு இமாம் மட்டும் தலைமாட்டில் நின்று, தாய் பெயரையும் சேர்த்து "எமினே மகளே ஸெலிஹா" என்று கூப்பிட்டு, கல்லறைக்குள் வானவர் வந்து கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தார். நாளைக்குத் தன் தலைமாட்டிலும் இப்படித்தான் ஒருவர் நின்று "ஸெலிஹா மகளே மக்பூலே" என்று கூப்பிடுவார். அந்தத் தாய்க்கு அதே பெயரில் இன்னொரு மகள் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறாள் என்றால், எழுந்து பதில் சொல்வது யார்? சாவதற்கு அவள் பயப்படவில்லை. செத்த பிறகும் யாரும் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பதுதான் தூங்கவிடாமல் செய்தது.

பனி உருகத் தொடங்கியதும் தஹ்சினின் காரில் கிராமத்துக்குப் போனாள். அப்பாவுடன் பிறந்தவர்களில் கெவ்ஹெர் அத்தை மட்டும்தான் மிச்சம். லேசில் வாய் திறக்கிற ஆளில்லை. மூன்றாவது கிளாஸ் தேநீருக்குப் பிறகுதான் விஷயம் வந்தது. மூத்தவளை அம்மை கொண்டுபோனது குளிர்காலத்தில். பாதை மூடியிருந்ததால் யாரும் டவுனுக்குப் போய்ச் சாவைப் பதியவில்லை. அப்பா கொத்துவேலைக்காரர், கல்லை அவரே செதுக்கினார். அடுத்தவள் பிறந்தபோது, மூத்தவள் பேரில் இருக்கிற காகிதம் வீணாகக் கிடப்பானேன் என்று இவளுக்கு ஆக்கிவிட்டார். கல்லில் பொய் எழுத அவருக்கு மனசு வரவில்லை, காகிதத்தில் வந்துவிட்டது.

"காதுல பாங்கு சொல்லிப் பேரு வெப்பாங்கல்ல அத்தை. என் காதுல எந்தப் பேர சொன்னாரு?"

அத்தை கிளாஸைக் கீழே வைத்தாள். "தோந்தூ. மூணு தடவை சொன்னான். போனவ திரும்பிட்டான்னு அவனுக்கு ஒரு நெனப்பு. உங்கம்மா அதை வாயிலயே எடுக்கல. திரும்பினவ இவ இல்லன்னு சொல்லிட்டா."

'தோந்தூ' என்றால் 'திரும்பினாள்'. ஆசையாகக் கேட்டு வாங்கிய பெயரும் அக்காவை நினைத்து வைத்ததுதான் என்று தெரிந்தபோது மக்பூலேவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதே ஆத்திரத்தோடு விறுவிறுவென்று மயானத்துக்கு ஏறினாள். அத்தை மூச்சிரைக்கப் பின்னால் வந்து, சுவரோரமாக உட்கார்ந்தாள்.

கல் முழங்கால் உயரம்கூட இல்லை. இவ்வளவு சின்னவளா என்று பார்த்ததும் கோபமெல்லாம் வடிந்து அழுகை வந்தது. குனிந்து, ஈரக் கல்லில் கை வைத்தாள்.

"உன் காகிதத்துலயே காலத்த ஓட்டிட்டேன். பேர நீயே வெச்சுக்க."

கீழே காரிலிருந்து தஹ்சின், "மக்பூலே அக்கா, இருட்டுது" என்று கத்தினான். அவள் எழவில்லை. கையடியில் கல் மெல்ல அசைந்தது. பனி இளகிய மண், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"தோந்தூ."

மிக அருகில், காதோரத்தில் கேட்டது. வாழ்நாளில் யாரும் கூப்பிடாத அந்தப் பெயருக்கு அவள் கழுத்து தானாகத் திரும்பியது. அத்தை தூரத்தில், சுவரில் சாய்ந்தபடி, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீயா அத்தை கூப்பிட்ட?"

"நான் எங்க கூப்பிட்டேன்? எனக்குப் பேச்சே வரல."

மக்பூலேவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும், போனவள் திரும்பவில்லை, இங்கேயேதான் இருக்கிறாள் என்று தெரிந்ததில் நெஞ்சு லேசாகியிருந்தது. இறங்கி வந்து காரில் உட்கார்ந்தாள்.

"என்ன முடிவு பண்ணின அக்கா? எதை எழுதட்டும்?" என்று கேட்டான் தஹ்சின்.

"ரெண்டு பேரா எழுது. மூத்தவ மக்பூலே, ரெண்டு வயசுல போயிட்டா."

"அப்போ ரெண்டாமவ?"

"தோந்தூ" என்றாள். அவள் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.