ஆளுக்கொரு கண்

சந்தையில் கோழி வெட்டும் அவளுக்கு இடி என்று பட்டப்பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவன் நேரில் வந்து சொல்லியிருந்தால் பல்லோடு திரும்பியிருக்க மாட்டான். எடையில் ஏமாற்றிய ஒருவனின் மண்டையை அவனுடைய எடைக்கல்லாலேயே உடைத்தவள் அவள். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குக் கை நீண்டுவிடும்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் கோழிக்கூடுகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுகிறவன். மெல்லப் பேசுவான், ஆனால் ஒரு வார்த்தையும் விட்டுக்கொடுக்க மாட்டான். அந்த வீட்டில் நெளியாத பாத்திரம் ஒன்றைக் காட்டினால் நான் மொட்டை அடித்துக்கொள்கிறேன். ஒற்றை மகள் மேல் மட்டும் இரண்டு பேருக்கும் உயிர்.

வறண்ட காற்று கிளம்பித் தெருமரங்களின் பூந்தூள் பறக்கத் தொடங்கினால் போதும், அந்தப் பெண்ணின் கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்துவிடும். இமை வீங்கி, பீளை நூலாக இழுக்கும். தேய்த்துத் தேய்த்து இமையோரத் தோலே உரிந்துவிடும். ஒருநாள் சுவரில் முகத்தை வைத்துத் தேய்த்தபடி, "ரெண்டையும் தோண்டி வெளிய எடுத்து வெச்சிடும்மா" என்று கத்தினாள். இடி அன்று வெட்டிய கோழிகளில் ஒன்றுகூட ஒழுங்கான துண்டாக விழவில்லை.

அப்பன்காரன் மகளைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சொட்டுமருந்து வாங்கிவந்தான். "காலையிலயும் சாயங்காலமும் விடாம போடணுமாம். குணம் தெரிய நாளாகுமாம். இது அலர்ஜியாம், அடக்கித்தான் வைக்க முடியுமாம்."

"நாளாகுமா? அதுவரைக்கும் புள்ள கண்ணைப் பிறாண்டிட்டு நிக்கணுமா?" என்றாள் இடி. அவள் கையில் வேறொரு குப்பி இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரே ராத்திரியில் சிவப்பை இறக்கிய மருந்து, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது.

"டாக்டர் எழுதாததைப் போடாதே."

"உன் டாக்டர் வீட்டுப் புள்ளயா அழுவுது?"

பேச்சு முற்றியது. குழம்புச்சட்டி மூடி பறந்துபோய் அவன் நெற்றியைப் பிளந்தது. அவனும் சும்மா இருக்கவில்லை, அவள் முடியைப் பிடித்துக் கதவில் மோதினான். மகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். கடைசியில் ரத்தம் சொட்டச் சொட்ட அவன்தான் சொன்னான்: "சரிடி. ஆளுக்கொரு கண்ணு. வலது உனக்கு, இடது எனக்கு. எது தெளியுதுன்னு பார்த்துடலாம்."

வீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கிற அண்ணன் தம்பியைப்போலப் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பிரித்துக்கொண்டார்கள். புத்தி கெட்டதுகள் என்று திட்டாமல் வேறென்ன சொல்ல!

அவன் மகளை மடியில் கிடத்தி, கண்ணை மூடச்சொல்லி மூக்கோரமாக ஒரு சொட்டு விடுவான். அவள் இமையைத் திறந்ததும் மருந்து உள்ளே போய்விடும். இடிக்கு அவ்வளவு பொறுமை ஏது? பெண்ணின் கை இரண்டையும் முட்டிக்கடியில் அமுக்கி, கட்டைவிரலால் இமையைப் பிளந்து சொட்டை ஊற்றுவாள். மகள் திமிறிக் கடித்தால் கன்னத்தில் ஒன்று விழும். கோழியைப் பிடிக்கிற பிடிதான், வேறு பிடி அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வலது கண் பளிங்காக இருந்தது. இடது கண் அப்படியே சிவந்திருந்தது. "பாருய்யா உன் டாக்டர் லட்சணத்தை!" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். இடது கண்ணும் மெல்ல மெல்லத் தெளிந்தது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை, பந்தயம் முடிந்திருந்தது. அவனும் வீம்புக்குத் தன் மருந்தை நிறுத்தவில்லை, அவளும் தன்னுடையதை நிறுத்தவில்லை. காற்று நின்ற பிறகும் லேசாகச் சிவந்தால் ஒரு சொட்டு, சிவந்துவிடுமோ என்று இன்னொரு சொட்டு. குப்பி தீர்ந்தால் மருந்துக்கடைக்காரன் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்துவிடுவான். அடுத்த வருஷக் காற்றிலும் இதே கூத்துதான்.

பிறகு மகள் வலப்பக்கமிருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று இடி முதுகில் அறைந்தாள். பள்ளியில் டீச்சர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையைப் படிக்கச் சொன்னபோது, பெண்ணுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை.

கண் டாக்டர் இரண்டு குப்பிகளையும் வாங்கிப் பார்த்தார். "இடது கண்ணு நல்லா இருக்கு. வலதுக்குப் போட்டிருக்கீங்களே, இது ஸ்டீராய்டு. சீக்கிரம் ஆத்தும், ஆனா சில பிள்ளைங்களுக்குக் கண்ணுக்குள்ள அழுத்தத்தை ஏத்தி நரம்பைக் கொன்னுடும். நாங்களே கொஞ்ச நாளைக்குத்தான் எழுதுவோம், அதுவும் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து. போன பார்வை வராதும்மா, மிச்சத்தைக் காப்பாத்தலாம். அதென்ன, கண்ணுக்கொரு மருந்து?"



இடி நேராகத் தன் கோழிக்கடைக்குப் போனாள், வெட்டுக்கத்தியை எடுத்தாள், மருந்துக்கடைக்குள் நுழைந்தாள். முதல் வெட்டில் கண்ணாடி அலமாரி சிதறியது. "எம் புள்ள கண்ணைப் பிடுங்கிட்டியேடா, பாவி!" அடுத்த வெட்டுக்கு ஓங்கினாள். கடைக்காரன் ஓடவில்லை. முழங்கையில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிய, மேஜை மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கினான். பலகையில் ஆழமாக ஒரு வெட்டு இருந்தது.

"ரெண்டாந்தடவை வந்தப்பவே தர மாட்டேன்னு சொன்னேன்க்கா. சீட்டு இல்லாம தொடர்ந்து போட்டா கண்ணு கெட்டுடும்னு சொன்னேன். இங்கதான் கத்தியை இறக்கினே. அடுத்தது என் கழுத்துன்னே. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போயிருந்தாள். கத்தி கையிலிருந்து நழுவிக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே விழுந்தது. அவள் அதை எடுக்காமலே திரும்பி நடந்தாள்.

வீட்டில் அழுத்தம் குறைக்கும் புது மருந்து காத்திருந்தது. வலது கண்ணுக்கு, ஆயுசுக்கும். இடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். குப்பியோடு திரும்பியபோது மகள் தானாகவே தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்கடியில் சொருகி வைத்திருந்தாள்.

"பிடிக்க வேணாம்மா. நான் ஆடமாட்டேன்."

இடி மருந்துக் குப்பியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து இரண்டு கண்ணும் அவன் பங்கு.