நூருன்னிசாவின் அம்மிக்கு வயது என்ன?

கிள்ளானில் கிஃபாயத்துல்லா பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு நான் போவது மீன் குழம்புக்காக. பாயின் பேச்சுக்காக யாரும் போவதில்லை. அது இலவசம், தப்பிக்கவும் வழியில்லை.

நல்ல மனிதர்தான். அவருக்கு ஒரே ஒரு வியாதி, எதிர்க்கடை பாசில். எங்கள் பக்கம் சாப்பாட்டுக் கடைப் பலகையில் ‘செஜாக்’ என்று எழுதி, எந்த ஆண்டிலிருந்து கடை நடக்கிறது என்று போடுவார்கள். பாய் ‘செஜாக் 1961’ என்று போட்டிருந்தார். போன நோன்புப் பெருநாளுக்கு பாசில் புதுப் பலகை மாட்டினார்: ‘செஜாக் 1958’. பாசில் கடை திறந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. கேட்டால், அவருடைய தாத்தா தோளில் காவடி கட்டிச் சோறு விற்ற நாளிலிருந்து கணக்காம். அன்றிலிருந்து பாய்க்குத் தூக்கம் போயிற்று.

1958-ஐ எப்படித் தாண்டுவது? பாயின் கண்ணில் அம்மி பட்டது. அவர் மனைவி நூருன்னிசா மீன் மசாலா அரைக்கும் கருங்கல் அம்மி. மிக்ஸியில் அரைத்ததை அந்த அம்மாள் மசாலா என்றே ஒப்புக்கொள்வதில்லை.

சனிக்கிழமைதோறும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சாப்பிட வரும் சுதர்சினி பாறைகளை ஆராய்பவர். பாய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர், இந்தக் கல்லுக்கு வயசு என்னா? பாத்து சொல்லுங்க லா.”

“பாத்தா தெரியாது அங்கிள். ஒரு துண்டு வேணும். அத பொடியாக்கி, உள்ள இருக்கிற சிர்கான்னு குட்டிப் படிகத்த எடுக்கணும். பாறைக் குழம்பு இறுகுறப்ப அந்தப் படிகத்துக்குள்ள யுரேனியம் போய் மாட்டிக்கும், ஈயம் போகாது. அப்புறம் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா ஈயமா மாறும். எவ்ளோ மாறிருக்குன்னு அளந்தா வயசு தெரியும்.”

பாய் யோசித்தார். “ஓகே. காலைல எல்லா பிளேட்டும் சுத்தமா அலமாரில இருக்கு. நான் லேட்டா வந்தாலும், சிங்க்குல எவ்ளோ அழுக்கு, அலமாரில எவ்ளோ மிச்சம்னு பாத்து, கடை எப்ப திறந்தாங்கன்னு சொல்லிடுவேன். அதானே?”

“அதேதான். நடுவுல யாரும் பிளேட்ட திருடாத வரைக்கும்.”

நூருன்னிசா ஜெஞ்சாரோமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் பாய் சுத்தியலை எடுத்தார். மூலையில் லேசாக ஒரு தட்டுத்தான். அம்மி நடுவில் இரண்டாகப் பிளந்தது. தெறித்த ஒரு துண்டை எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டு பாதியையும் சேர்த்துவைத்து, காய்ச்சல்காரரைப் போர்த்துவதுபோல் மேலே தன் கைலியை, ஒரு சாரோங்கைப் போர்த்தினார்.

நூருன்னிசா வந்தார். சாரோங்கைத் தூக்கிப் பார்த்தார். மறுநாளிலிருந்து கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பாய் பாக்கெட் மசாலாவில் மீன் சமைத்தார். அதைச் சாப்பிட்ட பாவத்தை நானும் சுமக்கிறேன்.

சில மாதம் கழித்து சுதர்சினி அந்தத் துண்டை அளந்த முடிவோடு வந்தார்.

“இருபத்தொரு கோடி வருஷம் அங்கிள். இருபது லட்சம் முன்ன பின்ன இருக்கலாம்.”

“அந்த இருபது லட்சத்த பாசிலுக்கே விட்டுக்குடுத்துட்டேன்!”

“அங்கிள், அது கல்லோட வயசு. கடையோடது இல்ல.”

“கல்லு கடையிலதானே இருக்கு?”

அந்த வாரமே பலகை ஏறியது, கடை இருபத்தொரு கோடி வருடமாக நடக்கிறது என்று. அதாவது டைனோசர்களுக்கும் பாய்தான் சோறு போட்டிருக்க வேண்டும். வந்தவர்கள் பலகையைப் படம் பிடித்தார்கள், பாக்கெட் மசாலா மீனை ஒரு வாய் வைத்தார்கள், “மீனும் அப்ப பிடிச்சதா பாஸ்?” என்று கேட்டார்கள், சாலையைக் கடந்து பாசிலிடம் போனார்கள். பாய்க்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் போய் மனைவி முன் நின்றார்.

“புதுக் கல்லு வாங்கிக் குடுங்க. அப்புறம் வரேன்” என்றார் நூருன்னிசா.

ரவாங்கில் அம்மி கொத்தும் பட்டறைக்கு மூவரும் என் காரில்தான் போனோம். பழைய அம்மியையும் நூருன்னிசா அங்கேதான் வாங்கியிருந்தார். எல்லாம் பக்கத்து மலைக் கல். பாய் ஒவ்வொரு அம்மியாகத் தடவிப் பார்த்தார். பழைய கல்லைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயம். சுதர்சினிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“டாக்டர், புதுக் கல்லுன்னு எப்டி கண்டுபிடிக்கிறது?”

“அந்த மலையில புதுசே கிடையாது அங்கிள். எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்துல இறுகுனது. அங்க எதப் பொறுக்குனாலும் உங்க அம்மி வயசுதான்.”

நூருன்னிசா கீழே பார்த்தார். உளி பட்டுத் தெறித்த சில்லு, பட்டறை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது.

“ஏங்க, இதுல ஒண்ண பொறுக்கிக் குடுத்திருந்தாலே வயசு தெரிஞ்சிருக்கும்ல? என் அம்மிய எதுக்கு ஒடச்சீங்க?”

பாய் அவர் காட்டிய அம்மிக்குக் காசு கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் புது அம்மியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பின்னால் டிக்கி காலியாக இருந்தும்.

இப்போது பலகையில் வருடமே இல்லை. ‘நூருன்னிசா மீன் குழம்பு’ என்று மட்டும் இருக்கிறது. கூட்டம் திரும்பிவிட்டது; எனக்குத்தான் உட்கார இடம் கிடைப்பதில்லை. எதிரே பாசில், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தன் மனைவியிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்டாராம்.