பட்டம் பத்திரிகையில், கடன் பேங்கில்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு மாப்பிள்ளையின் முகம் தெரியாது, பெண்ணின் குணம் தெரியாது. இரண்டு பேருடைய பட்டமும் புள்ளி பிசகாமல் தெரியும்.

ராஜபாளையத்தில் இருக்கிறது எங்கள் கடை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். மாடல் கார்டுகளை எடுத்துக் காட்டுவது, பெயர்களைக் கேட்டு எழுதுவது, அடிப்பதற்கு முன் புரூப் காட்டிச் சம்மதம் வாங்குவது என் வேலை. நான் படித்தது எட்டாவது வரைதான். அதனால் பட்டங்களை எழுதும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்வேன்.

இந்த வருசம் என் மகள் எஸ்தருக்கு மதுரையில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்தது. கல்விக்கடன் வாங்கினால்தான் படிப்பு. அப்பாவோ அம்மாவோ ஒருவர் பேங்கில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டுக்காரர், "எனக்கு ஒண்ணும் ஓடல, நீயே பாத்துக்கோ" என்று மில்லுக்குப் போய்விட்டார். அவருடைய அண்ணன், எனக்கு அத்தான் முறை, வீட்டுக்கே வந்து தீர்ப்புச் சொன்னார்: "பொம்பளப் பிள்ளைக்குப் படிக்க ஒரு கடன், பொறவு கட்டிக்கொடுக்க ஒரு கடனா? வேண்டாம்." பிளஸ் டூ முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் இருக்கும் அம்மாமாரே, அதற்கப்புறம் கடைக்கு வந்த ஒவ்வொருத்தரும் எனக்குப் புத்தி சொல்லவே வந்த மாதிரி இருந்தது.

நாலு பேப்பர் பாக்கி

கூமாப்பட்டியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போடச் சொன்னார். கூட வந்த அவர் சம்சாரம் காதோடு காதாக, "இன்னும் நாலு பேப்பர் எழுதணும்லா" என்றார். காதோடு காதாகச் சொன்னது எனக்கும் கேட்டுவிட்டது.

"ஐயா, முடிக்காத படிப்பைப் போடலாமா? பொண்ணு வீட்டுல நாளைக்கு ஏதும் சொன்னா?" என்று கேட்டேன். எனக்கு எப்போதும் அடுத்தவர் வீட்டுச் சண்டை முன்கூட்டியே கண்ணில் வந்து நிற்கும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கடனை முழுசா வாங்கி, பீஸையும் முழுசாக் கட்டியாச்சு தாயி. பட்டத்தை மட்டும் எதுக்குப் பாதியில விடணும்? தைரியமாப் போடு."

பெண்ணைப் பெற்ற ஆபீசர்

ஒரு பேங்க் ஆபீசர் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்று, கார்டு காட்டும் சாக்கில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நர்சிங் படிப்புக்குக் கடன் வாங்கலாமா? படிக்கிற காலத்துக்கும் வட்டி ஏறுமா? பிள்ளைக்கு உடனே வேலை கிடைக்காவிட்டால் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்களா?

மனிதர் மஞ்சள் கார்டைப் பார்த்தார், ரோஸ் கார்டைப் பார்த்தார், சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டார், மறுபடியும் மஞ்சளுக்கு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கடைசியில் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "அம்மா, இதையெல்லாம் பேங்குக்கு வந்து கேளுங்க, தெளிவாச் சொல்றேன். இங்க நானே பயந்துபோய் உக்காந்திருக்கேன்."

நண்பர்கள் வரிசை

பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு யூனிட்டின் முதலாளி, இளவட்டம்தான், தன் கல்யாணத்துக்கு அவனே வந்தான். பத்தாவதோடு நின்று தறியில் வேலை பழகி, இன்று சொந்தமாகத் தறி ஓட்டுகிறான். பெயருக்குப் பின்னால் "தொழிலதிபர்" என்று போடச் சொன்னான். போட வேண்டியதுதான், உழைத்து வந்தவன். கூடவே ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனோடு படித்த சிநேகிதன் வந்திருந்தான். அவன் பி.இ. அந்த யூனிட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டு மாசாமாசம் படிப்புக் கடனைக் கட்டுகிறானாம். பேச்சுவாக்கில் அவனே சொன்னான்.

முதலாளி போன் பேச வெளியே போனதும், சிநேகிதன் மேசைப் பக்கம் குனிந்தான். அவன் சொன்னதைக் கேட்டபின் அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. அத்தான் சொன்னதுதான் சரியோ என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். அவன் சொன்னது இதுதான்: "அக்கா, கீழ நண்பர்கள் வரிசையில எம்பேரு வரும்லா, அங்க பி.இ.ன்னு போட்றாதீங்க. எங்க முதலாளி கல்யாணம்."

பக்கத்து நாற்காலி

எங்கள் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் போடும் முத்துலட்சுமி எம்.சி.ஏ. படித்தவள். அவளும் கடனில் படித்தவள்தான். ஐ.டி. வேலைக்குப் போக வேண்டியவள், கல்யாணம் ஆகி இங்கேயே தங்கி, பிள்ளையார் படத்தையும் சிலுவைப் படத்தையும் கார்டுக்குக் கார்டு மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எப்படிக் கேட்பது என்று நாலு நாள் தயங்கிவிட்டு, ஒருநாள் காலையில் நேராகவே கேட்டேன்: "ஏட்டி, உனக்கு அந்தப் படிப்பு லாபமா, நட்டமா?"

அவள் கோபப்படவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு நடந்தாலும், "எட்டாங்கிளாசுக்கு என்ன தெரியும்?" என்று என் வாயை அடைப்பார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துவிட்டது. இது முத்துலட்சுமிக்கும் தெரியும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "துட்டைப் பாத்தா நட்டந்தான்க்கா. ஆனா எங்க வீட்டுல ஒருத்தரும் என்னைப் பாத்து 'உனக்கு என்ன தெரியும்'னு கேக்க மாட்டாங்க. கேக்கச் சொல்லுங்க பாப்போம்."

மகாராஜபுரத்துப் பெண்

மகாராஜபுரத்திலிருந்து வந்த ஒரு அப்பா, பத்திரிகையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பட்டம் வேண்டாம் என்றார். பெண் எம்.எஸ்சி., மாப்பிள்ளை டிப்ளமோ. பெண்ணுக்கு மட்டும் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்காது, இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்களாம். சரி என்று மொட்டையாகவே புரூப் போட்டு வைத்தோம்.

சாயங்காலம் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிக்கூடச் சேலையோடு, சாப்பாட்டுப் பையோடு நேராக வந்திருந்தாள். புரூப்பைப் பார்த்தாள். "உங்க அப்பா சரின்னுட்டாவ தாயி" என்று இழுத்தேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்று புரூப்பைத் திரும்ப வாங்கப் பார்த்தேன். அவள் பேனாவை வாங்கி, தன் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் டிப்ளமோ என்று அவளே எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தப் படிப்புக்கு நான் இன்னும் கடன் கட்டிக்கிட்டு இருக்கேன்க்கா. கட்டி முடிக்கிற வரைக்கும் இது எனக்கும் பேங்குக்கும் சொந்தம். எடுக்கணும்னா அவியள மொதல்ல மேனேஜரைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

மொட்டையாக இருந்த பக்கம்

அந்தக் கல்யாணம் நிற்கவில்லை. இரண்டு பட்டத்தோடும் பத்திரிகை போனது. மாப்பிள்ளையே வந்து வாங்கிக்கொண்டு போனார். அதே வாரம் எங்கள் அத்தான், தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க எங்கள் கடைக்கே வந்தார். பெண் வீட்டார் கொடுத்த பெயர்களை நான் எழுத எழுத, டாக்டர், இன்ஜினியர், எம்.பி.ஏ. என்று வரிசையாக வந்தது. பிறகு எங்கள் பக்கம். அத்தான், அவர் சம்சாரம், என் வீட்டுக்காரர், நான். ஒருத்தருக்கும் பின்னால் ஒன்றும் இல்லை. எஸ்தர் பெயர் வந்தபோது அத்தான் தொண்டையைச் செருமினார்.

"எம்மா ராணி, எஸ்தருக்குப் பின்னாடி பி.எஸ்சி. நர்சிங்னு போட்டுரு. நம்ம பக்கம் ரொம்ப மொட்டையா இருக்கு, பாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கல்யாணமாகி வந்து இத்தனை வருசத்தில் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. அன்று பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினேன். "அவ இன்னும் காலேஜ் வாசலையே மிதிக்கலயே அத்தான். நீங்கதான வேண்டாம்னீங்க? படிக்காத பிள்ளைக்குப் பட்டம் போட மாட்டேன். அவ பேரு வெறும் எஸ்தர்னுதான் வரும். நாளைக்கு நான் பேங்குல கையெழுத்துப் போடப் போறேன். அவ படிச்சு முடிக்கட்டும், கடனை நானும் அவளும் கட்டிக்கிடுதோம். அப்போ உங்க வீட்டு அடுத்த விசேசத்துக்கு நானே போட்டுத் தாரேன்."

முத்துலட்சுமி மவுசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அத்தான், என்னவோ நான்தான் தன் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்ட மாதிரி, மனம் நொந்து சொன்னார்: "கடனைத்தான வேண்டாம்னேன், பட்டத்தை நான் எப்போ வேண்டாம்னேன்?"

மறுநாள் பேங்கில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என் மகள் பேருக்குப் பின்னால் பட்டம் வரும் நாளில் பத்திரிகையில் அந்த எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்பதை இந்த எட்டாங்கிளாஸ்தான் சொல்லும்.