மேசைக்கடியில் முந்நூறு கிலோ இறால்

மட்டக்களப்பு வாவியில் அந்த வாரம் பிடிபட்ட இறால் முழுவதும் றெபேக்காவின் மேசைக்கு அடியில்தான் பிடிபட்டது. செயலி அப்படித்தான் சொன்னது. நாற்பத்தொரு மீனவர்கள், முந்நூறு கிலோ, ஒரே இடம்: பட்டணத்தில் இரண்டாம் மாடியிலுள்ள அவளுடைய அலுவலகம்.

அந்தச் செயலியின் திரைகளை வடிவமைத்தவள் அவள்தான். எதை எங்கே வைப்பது, எதை எந்தச் சொல்லில் கேட்பது எல்லாம் அவள் பொறுப்பு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபின் தனியாகக் கையில் கிடைத்த முதல் வேலை. மீனவர் பிடித்ததைப் பதிந்தால் ஐஸ் லொறி துறைக்கு வரும். அவ்வளவுதான் விடயம். ஆனால் வேலையைக் கொடுத்த திட்ட அலுவலகம், தன் அறிக்கைக்காகப் பிடித்த இடத்தையும் வரைபடத்தில் கேட்கச் சொன்னது. இடத்தைக் குறிக்காமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் இந்த இடப் பதிவு சரிவராவிட்டால் வேலை கொழும்புக் கம்பனிக்குப் போய்விடும்.

முதலாளி ஸாஜித் ஏறாவூர்க்காரர். "அவங்களுக்கு வெளங்கல்ல. எழுத்தப் பெருசாக்குங்க, ஒரு வகுப்பு வைப்பம்," என்றார்.

வகுப்பு என்றாலே றெபேக்காவுக்கு எரிச்சல். வகுப்பு வைத்து விளக்க வேண்டிய திரை திரையே இல்லை என்பது அவள் கட்சி. ஸ்கூட்டியை எடுத்தாள், வாவிக்கரையிலுள்ள ஆரையம்பதிக்குப் போனாள். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரான, தோணியிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்த உதயரூபனிடம் நேராகவே கேட்டாள்.

"அண்ண, றாலை என்ட ஒபிசிலயா பிடிச்சீங்க?"

"ஆ, அது உங்கட ஒபிசா புள்ள? நல்ல இடம். இரிக்கட்டும்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னன்? படம் திறக்கக்குள்ள அதுவே ஒரு இடத்தக் காட்டிச்சி. நான் ஓம் எண்டு அமத்தினன்." குரலைத் தாழ்த்தினார். "வல போட்ட இடத்தச் சொன்னா விடியக்குள்ள பதினாறு தோணி அங்க நிக்கும். என்ட மச்சினனுக்கே நான் சொல்றல்ல. உங்கட போனுக்குச் சொல்லுவனா?"

பக்கத்துத் தோணியில் இருந்தவர்தான் அந்த மச்சினன். "நானும் அந்த ஒபிசிலதான் புள்ள பிடிச்சன்," என்றார். "கொஞ்சம் நெருக்கமா இரிந்திச்சி."

நேரில் கேட்டால் முகம் சுளிக்கும் கேள்வியைத் திரையிலும் கேட்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் றெபேக்கா. வாவிக்கரையில் யாரிடமும் அவள் 'எங்கே பிடித்தீர்கள்' என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. திரையில் மட்டும் கேட்டிருக்கிறாள், அதுவும் வழிமறித்து நின்று. செயலியைச் சோதித்தபோது வைத்த தன் அலுவலகப் புள்ளியையே படம் திறக்கும்போது காட்டும்படியும் விட்டிருக்கிறாள். பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை திட்ட அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்தாள்.

"உங்கட போன் திறக்கிற இலக்கத்த எழுதித் தாங்க. எழுதினாத்தான் கூட்டம் தொடங்கும்."

ஸாஜித் தலையில் கை வைத்தார். மூன்று பேர் கைக்கு வந்தபடி 1234 எழுதினார்கள். ஒருவர் நான்கு சைபர். தலைவி அன்னப்பூரணி வெற்றுக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதென்ன கேள்வி தங்கச்சி?"

"இதத்தான் மிஸ், நாம நாப்பத்தொரு பேரிட்டக் கேட்டிரிக்கம். வல போடுற இடம் அவங்கட ரகசியம், மறிச்சிக் கேட்டா இப்பிடிப் பொய்தான் வரும்."

அன்னப்பூரணி சிரிக்கவில்லை. "மறுகா, அறிக்கைக்கு என்னத்தப் போடுற?"

"எந்தத் துறைக்கு, எத்தின மணிக்கு வாறாங்க எண்டு போடுவம். கரைக்கு வாறத ஊரே பாக்குது, சொல்ல ஆருக்கும் கூச்சமில்ல. லொறிக்கும் அதுதான் வேணும்."

"ஒரு மாசம் பாப்பம். பிழைச்சா கொழும்புதான்."

அன்று பின்னேரமே றெபேக்கா வரைபடத்தைத் தூக்கிவிட்டு, துறையையும் நேரத்தையும் மட்டும் கேட்கும்படி மாற்றினாள். திங்கட்கிழமை முப்பத்தெட்டுப் பேர் உண்மையான நேரத்தைப் பதிந்திருந்தார்கள். மீதி மூன்று பேர் அன்று தொழிலுக்கே போகவில்லை.