ஓடாத காருக்கும் வரி உண்டு

முழங்கால் வலியால் ஓராண்டாக நான் காரை எடுக்கவில்லை. ஓடாத வண்டிக்கு எதற்கு ஆண்டுச் சாலை வரி என்று கட்டாமலே இருந்தேன். பக்கத்து வீட்டு ஜோசப், மகள் கல்யாணத்துக்குக் கார் கேட்டபோது வரி ஞாபகம் வந்தது. ஒருநாள்தானே என்று, சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

தாம்பரம் சர்ச் வாசலில் காத்திருந்தோம். மணப்பெண் வெள்ளைப் புடவையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே இறங்கிய ஜோசப், "கண்ணாடில பழைய வரி டோக்கன் இருக்குன்னு ஆர்.டி.ஓ ஆளுங்க வழியில மடக்கி, காரைப் புடிச்சு வச்சுக்கிட்டாங்கண்ணா. ஓடாம நின்ன வண்டின்னு சொன்னேன். அதை முன்னாடியே ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கணுமாம். வரி பாக்கின்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காது, வுடுங்க" என்றார்.

தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கார் ஓடினாலும் நின்றாலும் வரியைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் அவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில் அந்த ஆட்டோதான் நிற்கிறது.