ஹேங் ஆவதற்கு முந்தைய பத்து நிமிடம்

முதலில் சத்தம்தான் கெடும். அதுவரை ஸ்பீக்கரில் சீறிக்கொண்டிருந்த பைக்கின் ஓசை தடித்து, தொண்டை கட்டியவர் பேசுவதுபோல இழுத்து இழுத்து வந்து, கடைசியில் ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு அலறும்; திரையில் பைக் ஓட்டுகிறவன் வளைவில் சாய்ந்த நிலையிலேயே நின்றுவிடுவான். ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று நானும் அண்ணனும் ஒரே குரலில் கத்துவோம். இரவு ஷிப்ட் முடித்து வந்து கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும் அப்பா, “அந்தச் சனியன எடுத்துட்டுப் போயிப் பழைய இரும்புக்குப் போடுங்க” என்று போர்வைக்குள்ளிருந்தே சொல்லுவார். நான் ஏழாவது படித்த அந்த வருடம், வரிசை மாறாமல் இவ்வளவும் எங்கள் வீட்டில் தினமும் நடந்தது.

மைசூர் மண்டி மொஹல்லாவில், ஆட்டோ ஒன்று நுழைந்தால் ஸ்கூட்டர்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமமான கௌதள்ளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். கூடத்தின் ஒரு மூலையில் அம்மா பலகை போட்டு ஊதுவத்தி உருட்டுவாள். கரித்தூளும் பசைத்தூளும் கலந்து பிசைந்த கறுப்பு மாவை மூங்கில் குச்சியில் வைத்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு, வத்தி தயார். எதிர் மூலையில் கம்ப்யூட்டர். அண்ணன் முருகேசன் டிப்ளமா சேர்ந்தபோது, இழுத்து மூடிய ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து அப்பா அதை வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா அந்தச் சிபியு பெட்டிக்கு மஞ்சள் சீட்டித் துணியில் சுருக்கம் வைத்து ஓர் உறை தைத்துப் போட்டாள். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். படிப்புக்கென்று வந்த அந்தப் பெட்டியில் அண்ணன் முதல் வேலையாக ஏற்றியது, நண்பனிடம் வாங்கிவந்த சிடியிலிருந்த பைக் ரேஸைத்தான்.

அரை மணி நேரம் விளையாட்டு பறக்கும். அதன் பிறகு மெல்லச் சோர்ந்து மாட்டு வண்டி வேகத்துக்கு வரும். அப்படியே ஒரு பத்து நிமிடம் தவழ்ந்துவிட்டு உறைந்துபோகும். அண்ணன் இதற்குச் செய்யாத வைத்தியம் இல்லை. வைரஸ் என்றான் ஒரு நண்பன், அதை விரட்டினான். வேறொருவன் சொன்னபடி, பள்ளிக்கூடத்து ரப்பரை என்னிடமிருந்து பிடுங்கி, ‘ரேம்’ பட்டையின் பொன்னிறப் பற்களைத் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினான். திரை முழுக்கச் சிறுசிறு கட்டங்கள் நிறம் மாறிக்கொண்டேயிருக்கும் ‘டிஃப்ராக்’ என்ற சீராக்கும் வேலையை ஓடவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்கே தாரை வார்த்தான். “அதுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் விடுங்க” என்று அம்மா மட்டும் சொன்னாள். அவள் பேச்சை யார் கேட்டது?

ஒருநாள் விளையாட்டு தவழத் தொடங்கியதும் அண்ணன் விசைப்பலகையைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, “இப்ப மெதுவாத்தான போவுது கண்ணு, நா ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுமா?” என்றாள். சைக்கிள்கூட ஓட்டியறியாதவள். எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டினேன். இரண்டே விரலால் அழுத்தினாள். பைக் நகர்ந்தது. அவள் முகம் மலர்ந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வேகமான அரை மணி நேரம் எங்களுக்கு. மந்தமான பத்து நிமிடம் அம்மாவுக்கு. அவள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்கி வழிவிடுவாள். “போறவன் போவட்டும், அவனுக்கு என்ன அவசரமோ” என்பாள். பாதையோரத்து வீடுகளைப் பார்த்துவிட்டு, “இத்தன வூடு கட்டி வெச்சிருக்கறாங்க, ஒரு மனுசங்கூடக் காணமே, எல்லாரும் எங்க போயிட்டாங்க?” என்று கவலைப்படுவாள். ஒரு தடவை ஆற்றைப் பார்க்க வேண்டுமென்று பந்தயப் பாதையை விட்டே இறங்கிவிட்டாள். விசைப்பலகையின் நான்கு அம்புக்குறிகளும் அவள் விரல் பட்டுக் கறுத்துப்போயின. அவற்றை நான் துடைக்கவில்லை.

காலையில் எழுந்ததிலிருந்து அடுப்பும் பலகையுமாக இருந்த அம்மா, தனக்கென்று உட்கார்ந்தது அந்தப் பத்து நிமிடம்தான். அதில் அவளுக்கு ஓர் ஆசையும் இருந்தது. பந்தயத்தின் முடிவில் கட்டம் போட்ட கொடி ஒன்று இருக்கிறதென்று எங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். “அந்தக் கொடி வரைக்கும் ஒருக்காவாச்சும் போயிச் சேந்தரணும்” என்பாள். ஆனால் பாலத்தைத் தாண்டுவதற்குள் ‘ட்ர்ர்ர்ர்’ வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அதே பாலம். “சரி உடு, நாளைக்கிப் பாத்துக்கலாம்” என்று பலகைக்குத் திரும்பிவிடுவாள்.

பிறகு ஒருநாள் அண்ணன் உறையைக் கழற்றி, திருகுகளை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தான். ரேமைத் துடைத்தபோது கவனிக்காமல் விட்ட சின்ன விசிறியின் இறக்கைகளிலும் அதன் அடியிலிருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்குகளிலும் கரித்தூள் அப்பி, கருகிய அடையைப்போல ஒரே கட்டியாக உட்கார்ந்திருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே சூடேறி, சூடு ஏற ஏற வேகம் குறைந்து, கடைசியில் ஹேங் ஆகியிருக்கிறது. பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டி, பக்கத்துக் கடையிலிருந்து சைக்கிள் பம்பு வாங்கிவந்து அடித்தான். கூடமே கறுத்தது. “கம்ப்ளீட்டா ஆயித்து, இனி பாரு!” என்று பாதிக் கன்னடத்தில் குதித்தான். அம்மா மட்டும் அந்தக் கறுப்புக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். “என்ற பொடிதானா இம்புட்டு நாளும் அத மூச்சு முட்ட வெச்சுது?” என்றாள். மறுநாள் அவளுடைய பலகை சமையலறைக்குப் போய்விட்டது.

விளையாட்டு இப்போது நாள் முழுக்கப் பறந்தது. அண்ணன் எல்லாப் பந்தயத்திலும் முதலாவது வந்தான். நான் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். பொத்தானை அழுத்தினாள்; பைக் பாய்ந்து போய் வேலியில் மோதியது. மறுபடி அழுத்தினாள், மரத்தில் மோதியது. மூன்றாவது தடவை மோதியதும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். “இது உங்க வயசுக்குத்தான் கண்ணு, நீங்க ஓட்டுங்க. எனக்கு வேல கெடக்குது.” சிரித்தாள்தான். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை கூப்பிட்டாலும் வரவில்லை. கூடத்தில் கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது. அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் வத்தி உருட்டுகிற சத்தமாக மட்டும் இருந்தாள். எனக்கு அந்த வேகத்தின்மீது அப்படி ஒரு கோபம் வந்தது.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அண்ணன் கல்லூரிக்குப் போய், எனக்குப் பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு மத்தியானம், மூலையில் கிடந்த மஞ்சள் உறையை எடுத்துப் பெட்டிக்குப் போட்டு, பின்பக்கம் காற்றுப் போகிற ஓட்டையையும் அடைத்துவிட்டேன். சொல்லிவைத்தாற்போல விளையாட்டு தவழத் தொடங்கியது. “அம்மா, பழையபடி ஆயிடுச்சு, வா வா!” என்று கத்தினேன். அவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். பாலத்துக்கே போகவில்லை, அதற்குள் உறைந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். உறையைத் தொட்டான், கொதித்தது. “உனக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கா? உள்ள பூரா சுட்டுப் போயிடும்டி! என் பிராஜெக்டு எல்லாம் அதுலதான இருக்குது!” என்று என் காதைப் பிடித்துத் திருகினான். நான் அழுதுகொண்டே, “நல்லா ஆனதுக்கப்புறம் அம்மா வரவே மாட்டேங்குதே” என்றேன். அவன் காதை விட்டுவிட்டான். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அண்ணன் உறையை உருவிவிட்டு, நான் அடைத்த ஓட்டையைத் திறந்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கண்டுபிடித்த ஏற்பாடு எந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரரும் கேள்விப்பட்டிராதது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்த சின்ன விசிறியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டான். அதற்குப் பதிலாக எங்கள் மேசை விசிறியைத் திறந்த பக்கத்துக்கு நேராக வைத்தான். விசிறியை மூன்றில் வைத்தால் விளையாட்டு பறந்தது. ஒன்றில் வைத்தால் தவழ்ந்தது. அணைத்தால் உறையப் பார்த்தது. “ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டா அம்மாவோட ஸ்பீடு. நா புடிச்சுக்கறேன், நீ போயிக் கூட்டிட்டு வா” என்றான்.

அம்மா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். அண்ணன் தரையில் சம்மணமிட்டு, ஒரு கையை விசிறியின் பொத்தான்களிலும் மறு கையைப் பெட்டியின் தகட்டிலும் வைத்துக்கொண்டான். சூடு ஏறினால் இரண்டு, பைக் துள்ளினால் ஒன்று. அம்மா வழக்கம்போல எல்லோருக்கும் வழிவிட்டாள். பாலம் வந்தது. சத்தம் தடித்தது; அண்ணன் பட்டென்று இரண்டைத் தட்டினான்; பைக் துள்ளிப் போய்க் கைப்பிடிச் சுவரில் உரசியது. “பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், அப்பா போர்வையோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். “ஏனுங்க, சும்மா இருங்க, எனக்குத் தெரியுமுங்க” என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பாலம் பின்னால் போயிற்று. அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அன்றுதான் அவள் பார்த்தாள்: ஒரு நீளமான நேர் சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், கடைசியில் கொடி. அதைத் தாண்டினாள்.

திரையில் சிவப்பாகப் பெரிய ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தன. நீ கடைசி, நீ தோற்றுவிட்டாய் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. “என்னடா எழுதியிருக்குது?” என்று அண்ணனைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: “வந்து சேந்துட்டீங்க, ரொம்ப சந்தோசம்னு போட்டிருக்குதும்மா.” தொழிற்சாலையில் ஆங்கிலப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிய அப்பா அந்த எழுத்துகளையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். “ஆமா, அப்பிடித்தான் போட்டிருக்குது” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

அந்த வீட்டை நாங்கள் விட்டு வெகுகாலமாகிவிட்டது. கம்ப்யூட்டர் அப்பா சொன்னபடியே பழைய இரும்புக்குப் போயிற்று. மேசை விசிறியும் கூடவே போயிற்று. அம்மா வத்தி உருட்டுவதை விட்டுவிட்டாள். ஓய்வு பெற்ற அப்பா பகலில் தூக்கம் வராமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எனக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. ‘ஸ்லோவா இருக்கு, ஹேங் ஆகுது’ என்று வருகிற புகார்களைத் தீர்த்து வைப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அண்ணன் ஜெர்மனிக்குப் போய் ஆறு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவான், ஐந்து நிமிடம் பேசுவான், அவசரமாக வைத்துவிடுவான்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு மந்தமாகி, அவன் குரல் இழுத்து, பாதிச் சிரிப்பில் முகம் அப்படியே உறைந்துவிட்டது. துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்று நான் கையை நீட்டினேன். அம்மா ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் கண்ணு. இப்பத்தான் ஒரு எடத்துல நிக்கறான். கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”